வெல்டிங் மெஷினுக்கு ஒரு பூட்டு: அது எதைக் காக்கும், எதைக் காக்காது

ஒரு வெல்டிங் மெஷினை ஓட்ட எந்த அனுமதியும் தேவைப்படுவதில்லை. மெயின் சுவிட்சைப் போட்டு, ஹோல்டரில் ராடைச் செருகி, இரும்பில் உரசினால் ஆர்க் வந்துவிடும். ஆம்ப்ஸ் குமிழ் முகப்பிலேயே இருக்கிறது. போகிற வழியில் யார் வேண்டுமானாலும் திருப்பலாம். ஜன்னல் கிரில் ஒட்டும் பட்டறையில் இதனால் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் அனல்மின் நிலையத்தின் நீராவிக் குழாயை ஒட்டும் மெஷினும் பெரும்பாலான இடங்களில் இதே நிலையில்தான் இருக்கிறது. குமிழின் பின்னால் நிற்பவர் தகுதி பெற்றவரா, குமிழ் நிற்கும் இடம் சரியானதா என்பதை மெஷின் கேட்பதே இல்லை.

சமீப ஆண்டுகளில் வரும் சில மெஷின்கள் கேட்கின்றன. வெல்டர் தன் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வேலைக்கான தாளில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் ஆர்க் வரும். ஈசாப், கெம்பி, ஃபிரோனியஸ், லிங்கன், மில்லர் போன்ற பெரிய மெஷின் தயாரிப்பாளர்கள் எல்லாருமே வெல்டிங்கைக் கண்காணிக்கிற மென்பொருள்களை விற்கிறார்கள். இந்தப் பூட்டு எதற்கு, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று விவரமாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் வாங்குகிறவர்களில் பலர் இதை முழுத் தீர்வாக நினைக்கிறார்கள். ஷாப் ஃப்ளோரில் நிற்பவர்களில் பலர் இதை வெறும் கண்காணிப்பாக நினைக்கிறார்கள். இரண்டு நினைப்பும் தவறு.

ஒட்டி முடித்த பிறகு தெரியாதவை

ஒரு தண்டைக் கடைந்தால் அளவுமானியை வைத்துப் பார்த்துவிடலாம். சரியில்லை என்றால் அங்கேயே தெரியும். வெல்டிங் அப்படி இல்லை. தரமேலாண்மைத் துறையில் இதைச் சிறப்புச் செயல்முறை என்று வகைப்படுத்துகிறார்கள். அதாவது, முடிந்த பொருளைச் சோதித்து மட்டும் அதன் தரத்தை முழுமையாக உறுதிசெய்ய முடியாத வேலை. எக்ஸ்ரே எடுத்தால் காற்றுக் குமிழி தெரியும், உள்ளே சிக்கிய கசடு தெரியும். அந்த ஒட்டுக்கு அருகிலுள்ள இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டதா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. பக்கச்சுவரில் உருகிச் சேராமல் நின்ற மெல்லிய இடைவெளி, கதிரின் திசைக்குக் குறுக்கே படுத்திருந்தால் படத்தில் விழாமலே போகலாம். ஒட்டை வெட்டி, வளைத்து, உடைத்துப் பார்த்தால் எல்லாம் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பொருள் இருக்காது.

ஆகவே ஒரு ஒட்டை நம்புவதற்கு ஒரே வழி, அதை உருவாக்கிய விதத்தை நம்புவது. முன்கூட்டியே சோதித்துப் பார்த்த ஒரு முறையில், அந்த முறையில் தேர்ச்சி காட்டிய ஒருவர், சொன்ன அளவுகளுக்குள் ஒட்டினார் என்று தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நழுவினாலும் மிச்சமிருக்கும் எக்ஸ்ரே படம் பாதி உண்மைதான்.

1980 மார்ச் 27 அன்று வட கடலில் நார்வேயின் எண்ணெய் வயல் ஒன்றில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். தாங்கு கால் ஒன்றைப் பிடித்திருந்த குறுக்குக் குழாயில், ஒலியுணர் கருவியைப் பொருத்துவதற்காக ஒரு சிறு தாங்கியை 6 மி.மீ. ஃபில்லட் ஒட்டால் (மூலையில் இடும் ஒட்டு) பிடித்திருந்தார்கள். அங்கே தொடங்கிய வெடிப்புதான் குழாயைச் சுற்றி வளர்ந்து அதை அறுத்துவிட்டது. ஒரு குழாய் போனதும் மற்றவையும் முறிந்து, கால் தனியாகக் கழன்றது. விசாரணையில், வெடிப்பின் ஒரு பகுதிக்குள் பெயின்ட் இருப்பதைக் கண்டார்கள். அதாவது கட்டுமானத் தளத்தில் பெயின்ட் அடிக்கும்போதே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. பாரம் தாங்காத சின்னக் கருவிக்கான ஒட்டுதானே என்று யாரும் அதற்குத் தனிக் கவனம் கொடுக்கவில்லை. சிறிய ஒட்டு என்று ஒன்று கிடையாது என்று சொல்ல இந்த ஒரு விபத்தே போதும்.

தாளில் இருப்பது என்ன

வெல்டிங் நடக்கும் எந்த முறையான இடத்திலும் மூன்று ஆவணங்கள் இருக்கும். ஒட்டும் முறையைச் சொல்லும் தாளுக்கு டபிள்யூ.பி.எஸ். என்று பெயர். என்ன இரும்பு, என்ன தடிமன், எந்த ராடு, எந்தத் துருவம், எத்தனை ஆம்ப்ஸ், எத்தனை வோல்ட், முன்சூடு எவ்வளவு, வாயு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த முறையில் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, அதை இழுத்தும் வளைத்தும் தேவைப்பட்டால் குளிர வைத்து அடித்தும் சோதித்த பதிவு பி.க்யூ.ஆர். மூன்றாவது, வெல்டருடைய தகுதிச் சான்று. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதித்தொகுப்பின் 9-ஆம் பிரிவு இந்த மூன்றையும் வரையறுக்கிறது. ஐரோப்பிய முறையில் ஐ.எஸ்.ஓ. 15614, 9606 என்று தனித்தனித் தரநிலைகள். நம் நாட்டில் பாய்லர் சம்பந்தப்பட்ட ஒட்டு என்றால் 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிமுறைகளின் கீழ் தனித் தேர்வும் சான்றும் உண்டு. ஐ.பி.ஆர். வெல்டர் என்று திருச்சிப் பக்கம் சொல்வது அதைத்தான்.

திருச்சியைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. 1960-களில் திருவெறும்பூரில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை வந்த பிறகு, துவாக்குடியைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தர ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. 1975-இல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. வளைகுடா நாடுகளின் சுத்திகரிப்பு ஆலைகளிலும் சிங்கப்பூர் கப்பல் தளங்களிலும் ராடு பிடிக்கிற தமிழர்களில் நிறையப் பேர் இந்த வட்டாரத்தில் கை பழகியவர்கள். ஆகவே மெஷினுக்குப் பூட்டுப் போடுவது நம் ஊர்ப் பிழைப்பையும் தொடுகிற விஷயம்.

தாளில் எழுதிய எண்கள் ஏன் அவ்வளவு முக்கியம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒட்டுக்குள் போகும் வெப்பத்தின் அளவு, வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி, கை நகரும் வேகத்தால் வகுத்தால் வருவது. 24 வோல்ட், 120 ஆம்ப்ஸ், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகம் என்றால் ஒரு மி.மீ. நீளத்துக்குச் சுமார் 1.15 கிலோஜூல். அதே ஆம்ப்ஸில் கை பாதி வேகத்தில் நகர்ந்தால் வெப்பம் இரட்டிப்பாகி 2.3 ஆகிவிடும். வெப்பம் குறைந்தால் இரும்பு வேகமாகக் குளிர்ந்து கடினமாகி வெடிக்கப் பார்க்கும். அதிகமானால் இரும்பின் உள்ளே இருக்கும் படிக மணிகள் பருத்து, குளிரில் அடி தாங்கும் வலு குறையும். அதனால்தான் அடி தாங்கும் சோதனை கட்டாயமான வேலைகளில், சோதித்த வெப்ப அளவைத் தாண்டினால் அந்தத் தாள் செல்லாது. புதிதாகச் சோதித்துத்தான் தொடர வேண்டும்.

சில இரும்புகள் இன்னும் கறார். மின்நிலையங்களின் அதிவெப்ப நீராவிக் குழாய்களில் வரும் பி91 என்ற குரோமியம் கலந்த எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் முன் சுமார் 200 டிகிரி செல்சியஸ் முன்சூடு வேண்டும். ரூட் என்ற முதல் அடுக்கைப் போடும்போது குழாயின் உட்பக்கம் ஆர்கான் நிரம்பியிருக்க வேண்டும். முடிந்த பிறகு சுமார் 760 டிகிரியில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அந்த வெப்பநிலை வரம்பு மீறி ஏறினால் எஃகு தன் உறுதியை இழந்து மென்மையாகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒட்டு அழகாகவே இருக்கும். குறை சில ஆண்டுகள் கழித்து, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில்தான் வெளியே வரும்.

வெல்டரின் தகுதிக்கு வருவோம். ‘நல்ல வெல்டர்’ என்று பொதுவாக ஒரு சான்று எங்கும் கிடையாது. எந்த முறையில், எந்த நிலையில், எந்தத் தடிமனில் என்று குறிப்பாகத்தான் தருவார்கள். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்தி ஒட்டும் 6ஜி தேர்வில் தேறியவர் மற்ற நிலைகளிலும் ஒட்டலாம். ஆனால் உருகாத மின்முனையால் ஒட்டும் டிக்கில் தேறியவர், அந்தச் சான்றை வைத்து, கம்பி தானே வந்து உருகும் மிக் பிடிக்க முடியாது. இன்னொன்று, ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி ஒரு முறையில் தொடர்ந்து ஆறு மாதம் ஒட்டாமலே இருந்துவிட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். கை மறந்துவிடும் என்பதுதான் காரணம். ஒரு தளத்தில் இருநூறு வெல்டர்கள் இருந்தால், யாருக்கு எது எப்போது காலாவதி என்று தாளில் பார்த்துக்கொண்டிருப்பது உண்மையிலேயே கஷ்டம். பூட்டு மிகத் தெளிவாக உதவுவது இந்த இடத்தில்தான்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

பழைய முறை எளிமையானது. மெஷின் முகப்பில் ஒரு சாவி அல்லது கடவு எண் இருக்கும்; சூப்பர்வைசர் அளவை வைத்துப் பூட்டிவிடுவார். சில மெஷின்களில் வைத்த அளவிலிருந்து இவ்வளவு சதவீதம் வரை வெல்டர் ஏற்றி இறக்கிக்கொள்ள இடம் கொடுக்கலாம். இதில் யார் பிடிக்கிறார் என்பது மெஷினுக்குத் தெரியாது.

புதிய முறையில் மெஷின் ஒரு தரவுத்தளத்தோடு பேசுகிறது. அட்டையைக் காட்டியதும் அந்த வெல்டரின் சான்றுகளும் கடைசியாக வேலை செய்த தேதியும் திறக்கும். ஜாயின்ட்டின் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் அதற்கான டபிள்யூ.பி.எஸ். வரும். முறை, நிலை, தடிமன், ராடு வகை எல்லாம் அவரது சான்றின் வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒப்பிடும். இருந்தால் அளவுகள் தானாக இறங்கும். ஒட்டும் நேரம் முழுக்க ஆம்ப்ஸும் வோல்ட்டும் பதிவாகும். எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும், தேவையென்று அமைத்திருந்தால் அடுத்த ஆர்க்கைத் தராது. எந்த ஜாயின்ட்டை யார், எப்போது, எந்த அளவில் ஒட்டினார் என்ற பதிவு கூடவே உருவாகிவிடும்.

ஆனால் மெஷினின் திரையில் தெரியும் எண் உண்மையா? இதைக் கேட்காமல் பூட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போக 30 மீட்டர், எர்த் திரும்பி வர 30 மீட்டர் என்று வையுங்கள். 200 ஆம்ப்ஸ் ஓடினால் கேபிளிலேயே 4 வோல்ட் போய்விடும். மெஷின் முனையில் 22 வோல்ட் காட்டினால் ஆர்க்கில் 18தான் இருக்கும். மிக் வெல்டிங்கில் 4 வோல்ட் வித்தியாசம் என்பது நன்றாக உருகிய ஒட்டுக்கும் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒட்டுக்கும் உள்ள வித்தியாசம். எர்த் கிளாம்ப் துருவின் மேல் பிடித்திருந்தால் இன்னும் மோசம். அதனால் மெஷினை அவ்வப்போது அளவீடு செய்து சரிபார்க்க வேண்டும், அதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 17662, ஐ.இ.சி. 60974-14 போன்ற தரநிலைகள் இருக்கின்றன. வோல்ட்டை, கம்பியை ஊட்டும் ஃபீடருக்கு அருகில் அளக்க வேண்டும். சரிபார்க்காத மெஷினில் போட்ட பூட்டு, தப்பான எண்ணைப் பத்திரமாகக் காப்பாற்றுகிறது. ஏ.எஸ்.எம்.இ.யிலும் மிக்கைப் பற்றி ஒரு கறார் இருக்கிறது: குறைந்த வோல்ட்டில் கம்பி தொட்டுத் தொட்டு உருகும் முறையில் வெல்டரின் தகுதித் தேர்வை எக்ஸ்ரே மட்டும் எடுத்து ஏற்க முடியாது, துண்டை வளைத்துப் பார்த்தே ஆக வேண்டும். உருகிச் சேராத இடத்தை எக்ஸ்ரே விட்டுவிடலாம் என்ற அச்சம்தான்.

மெஷினுக்குத் தெரியாதவை

ஈரம் படக்கூடாத 7018 வகை ராடு ஈரம் இழுத்திருந்தால் ஒட்டுக்குள் ஹைட்ரஜன் போகும். ஒட்டி முடித்து மணிக்கணக்கில் கழித்துக்கூட ஒட்டு விரிசல் விடலாம். அந்த ராடை ஓவனில் 300 டிகிரிக்கு மேல் வைத்து உலர்த்தி, சூடு ஆறாத பெட்டியில் கொண்டுவந்தார்களா என்று மெஷினுக்குத் தெரியாது. சரியான ஆம்ப்ஸில் ஈர ராடு எரிந்தாலும் பதிவில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். ஃபிட்டர் விட்ட இடைவெளி, கிரைண்டிங் செய்யாத துரு, காற்று வீசி விரட்டிய வாயு, ராடு பிடித்த கோணம் எல்லாம் இதே வகை. கையால் ஒட்டும்போது நகரும் வேகமும் மெஷினுக்குத் தெரியாது. ஒட்டிய நீளத்தை யாராவது பதிந்தால்தான் கணக்கு வரும். வேகம் பாதியானால் வெப்பம் இரட்டிப்பாகும் என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால் ஆம்ப்ஸை மட்டும் பூட்டிவிட்டு வெப்பம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அட்டையைக் காட்டியவர் ஒருவர், ஒட்டியவர் இன்னொருவர் என்றாலும் மெஷினுக்குத் தெரியாது. இது நடக்கவே நடக்காது என்று எந்த ஃபோர்மேனும் சொல்ல மாட்டார்.

தகுதியும் இருந்து, தாளும் இருந்து, மனிதர்கள் விலகுவதும் உண்டு. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் தளத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களிலும் விமானந்தாங்கிக் கப்பல்களிலும் சில ஒட்டுகள் தரத்துக்குக் குறைவாக இருப்பதும், வெல்டர்கள் சிலர் தெரிந்தே வெல்டிங் நடைமுறையை மீறியிருப்பதும் வெளியே வந்தது. தீய நோக்கத்தோடு செய்ததாகத் தெரியவில்லை என்று நிறுவனம் சொன்னது. கெடுதல் செய்ய வேண்டும் என்று யாரும் ஒட்டுவதில்லை. வேலையை முடிக்க வேண்டிய நெருக்கடியும், இதனால் என்ன ஆகிவிடும் என்ற பழக்கமும் சேர்ந்தால் போதும்.

இன்னும் ஆழமான பிரச்சினை, தாளே தப்பாக இருப்பது. பிரான்சின் ஃபிளமான்வில் மூன்றாம் அணு உலையில் நடந்தது இதுதான். அங்கே பிரதான நீராவிக் குழாய்கள் உடையவே உடையாது என்று வைத்துப் பாதுகாப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். அப்படியென்றால் ஒட்டுகள் வழக்கத்தைவிட உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் தேவை, ஒட்டிய ஒப்பந்ததாரர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2018-இல் சிக்கல் முழுதாக வெளிவந்தது. 2019 ஜூனில், இரு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே சிக்கியிருந்த எட்டு ஒட்டுகளையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று அணுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. ஆள் நுழைய முடியாத இடம் என்பதால் அதற்கென ரோபோக்களை உருவாக்கினார்கள். 2007-இல் கட்டத் தொடங்கி 2012-இல் ஓடும் என்று சொன்ன உலை, 2024 டிசம்பரில்தான் மின்தொகுப்போடு இணைந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. இந்த ஒட்டுகள் அவற்றில் பெரிய ஒன்று. அங்கே உலகிலேயே சிறந்த பூட்டு இருந்திருந்தாலும், குறைந்த தரத்துக்கான தாளைத்தான் அது உண்மையாகக் காவல் காத்திருக்கும்.

எண்ணைப் பூட்டாதீர்கள், எல்லையைப் பூட்டுங்கள்

ரோபோ ஒட்டும் வேலையில், ஒரே மாதிரி ஆயிரம் துண்டுகள் ஓடும் வரிசையில், அளவை அசையாமல் பூட்டுவது சரி. குழாய் வேலையில் அப்படிச் செய்தால் ஒட்டு கெடும். அசையாத குழாயில் வெல்டர் அடியிலிருந்து தலைகீழாகத் தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, உச்சியில் முடிக்கிறார். அடியில் உருகிய குளம் கீழே தொங்கப் பார்க்கும். பக்கத்தில் வழியப் பார்க்கும். பத்து கேஜ் ராடுக்குத் தாளில் சுமார் 90 முதல் 130 ஆம்ப்ஸ் வரை இடம் இருப்பது வெல்டர் இதற்கேற்ப மாற்றிக்கொள்வதற்குத்தான். அந்த எல்லைக்குள் எது சரி என்று ஆர்க்கின் சத்தத்தை வைத்தே தேர்ந்த வெல்டர் சொல்லிவிடுவார். அவரை 110-இல் கட்டிப்போட்டால் அவரது திறமையைத் தொலைத்துவிடுகிறோம். நிர்வாகங்கள் பல இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் மென்பொருளை வாங்கி, பத்து நாளில் ‘இது ஓடாது’ என்று அணைத்துவைக்கின்றன. அணைத்துவைத்த பூட்டு இல்லாத பூட்டைவிட மோசம். பதிவேட்டில் அது இருக்கிறது என்றே இருக்கும்.

கூலியையும் பார்க்க வேண்டும். பைப்பிங் வேலையில் பணம் பெரும்பாலும் இன்ச்-டயா கணக்கில் போகிறது. எத்தனை அங்குல ஜாயின்ட் முடிந்தது என்பதுதான் கான்ட்ராக்டரின் பில். முன்சூடு ஏறக் காத்திருக்கும் நேரத்துக்கும், ஒரு அடுக்கு ஆறும்வரை கை கட்டி நிற்கும் நேரத்துக்கும் பணம் கிடையாது. மெஷினைப் பூட்டி வேகத்தைக் குறைத்துவிட்டு, கூலியைப் பழைய கணக்கிலேயே வைத்திருந்தால் அட்டை கை மாறத்தான் செய்யும். முன்சூடு, காத்திருப்பு இவற்றுக்கான நேரத்தை ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது வாங்குகிற நிறுவனத்தின் பொறுப்பு. வெல்டர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

சின்னப் பட்டறைக்கு இத்தனை விலை கொடுத்து வாங்க முடியாது என்றால் அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. டாங் டெஸ்டர் ஒன்று இருந்தால் ஓடுகிற ஆம்ப்ஸைக் கேபிளிலேயே அளந்துவிடலாம். டபிள்யூ.பி.எஸ். தாளை ஆபீஸ் அலமாரியில் வைக்காமல் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம். ஹோல்டர் பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் கேபிளில் நிற டேப் சுற்றிக் காட்டலாம். எந்த வெல்டர் எந்த முறைக்கு எந்தத் தேதி வரை என்று ஒரு பலகையில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை திருத்தினால் ஆறு மாதக் கணக்கு தவறாது. பூட்டு செய்கிற வேலையில் பெரும்பகுதி இதிலேயே நடந்துவிடும், சூப்பர்வைசர் தினமும் ஒரு சுற்று நடந்தால்.

பெரிய நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஏ.எஸ்.எம்.இ. முறையில் வெல்டரின் தகுதிக்கு அவரை வைத்திருக்கும் நிறுவனமே பொறுப்பு. வேறு நிறுவனத்துக்குப் போனால் பொதுவாகத் திரும்பத் தேர்வு எழுத வேண்டும். இருபது வருடம் குழாய் ஒட்டிய ஒருவர், ஒவ்வொரு புதிய தளத்திலும் முதல் நாள் சோதனைத் துண்டு ஒட்டுகிறார். எக்ஸ்ரே முடிவு வரும்வரை சம்பளமில்லாமல் காத்திருப்பவர்களும் உண்டு. இப்போது மெஷின் அவர் ஒட்டிய ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஆம்ப்ஸோடும் தேதியோடும் பதிவு செய்கிறது. அவருடைய கைத்திறனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தப் பதிவின் ஒரு பிரதியை, எக்ஸ்ரேயில் தேறிய விகிதத்தோடு, வேலையை விட்டுப் போகும்போது அவர் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த நிறுவனம் தேர்வை விட்டுவிடாது, விடவும் கூடாது. ஆனால் யாரைத் தேர்வுக்கு அழைப்பது, எந்த வேலைக்கு என்ன கூலியில் எடுப்பது என்பதை முடிவுசெய்ய அதைவிடத் தெளிவான தாள் அவர்களுக்குக் கிடைக்காது.